கண்வழிக் கல்வி

தமிழில் 'கேள்வி' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. வினாவுதல் ஒன்று, கற்றோர் கூறக் கேட்டறிதல் மற்றொன்று. திருவள்ளுவர், கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்துக் 'கேள்வி' என்பதற்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். ஏட்டைத் தொட்டறியாத உழவரும் பழமொழி கூறுகின்றனர், கதை கூறுகின்றனர், கூத்தில் கண்ட பாரதத்தை ஒப்பிக்கின்றனர். அவர்கள் பயின்ற பள்ளி யாது? செவியே அன்றோ? அச்செவியின் வாயில் அடைபட்டுப் பிறந்த குழந்தை எவ்வாறு கல்வி பெறும் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

மதுரைக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது திருமங்கலம். மீனாட்சியம்மையின் திருமணத்திற்குத் திருமாங்கல்யம் செய்தளித்த ஊர் என்று பெயர்க்காரணம் கூறுவர் அவ்வூரார். சுற்றிலும் பருத்தி விளையும் கரிசல் நிலம். ஊரை ஒட்டிக் குண்டாறு. ஊரின் ஊடே நெடுஞ்சாலை. ஓசைக்குக் குறைவில்லாத ஊர். பேருந்தின் ஊதல், புகைவண்டியின் கூவல், பூ விற்பவளின் குரல், கோயில் மணி, தேநீர்க் கடை வானொலி ஆகிய எல்லாம் விடியுமுன்னே தொடங்கிவிடும். இவ்வூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று விளையாடிக்கொண்டிருப்பதாகக் கொள்வோம். தாய் கீரைக்காரியிடம் விலை பேசுகிறாள். "அங்கிட்டு வை, இங்கிட்டு வை" என்கிறாள். பாட்டி யாரையோ கடிந்துகொள்கிறாள். ஒருவரும் குழந்தைக்குப் பாடம் சொல்லவில்லை. ஆயினும் குழந்தை கற்றுக்கொண்டே இருக்கிறது. ஐந்து வயதில் பள்ளிக்கு வரும்போது பல்லாயிரம் சொற்களையும், அவற்றைத் தொடுக்கும் இலக்கணத்தையும் அது சுமந்து வருகிறது. தமிழாசிரியர் தம் பணியைத் தொடங்குமுன்னரே பெரும்பகுதித் தமிழைத் திண்ணை கற்பித்துவிடுகிறது!

காது கேளாத குழந்தையும் அதே திண்ணையில்தான் அமர்ந்திருக்கிறது. அது காண்பதோ அசையும் உதடுகளை மட்டுமே.

செவியின் அமைப்பை அறிந்தாலன்றி இக்குறையின் தன்மை விளங்காது. ஒலி என்பது காற்றின் அதிர்வு. அவ்வதிர்வு செவித்துளை வழியே சென்று செவிப்பறையைத் தாக்குகிறது. பறைக்குப் பின்னே சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் சங்கிலிபோல் இணைந்துள்ளன. அங்கவடி எலும்பே மனித உடலின் மிகச் சிறிய எலும்பு. ஒரு நெல்லின் பாதியளவுகூட இராது. இவை அதிர்வை உட்செவிக்குக் கடத்துகின்றன. அங்கே நத்தை ஓடுபோல் இரண்டேமுக்கால் சுற்றுச் சுற்றிய ஒரு குழல் உண்டு. அதனுள் நீர்மமும், அந்நீர்மத்தின் அசைவை உணரும் ஏறக்குறைய 15,000 மயிரணுக்களும் உள்ளன. இவ்வணுக்கள் அதிர்வை மின் துடிப்பாக மாற்றி நரம்பின் வழியே மூளைக்கு அனுப்புகின்றன. இவை ஒருமுறை அழிந்தால் மனிதரிடம் மீண்டும் முளைப்பதில்லை. கோழிக்கும் சிட்டுக்குருவிக்கும் முளைக்கும். இயற்கை அவ்வரத்தை மனிதனுக்கு அளிக்கவில்லை.

செவிப்பறையிலோ நடுச்செவி எலும்புகளிலோ நேரும் குறை ஒரு வகை. சளியாலும் சீழாலும் உண்டாகும் இக்குறையைப் பெரும்பாலும் மருந்தாலோ அறுவை மருத்துவத்தாலோ தீர்க்கலாம். உட்செவியிலோ நரம்பிலோ நேரும் குறை மற்றொரு வகை. அது பெரும்பாலும் நிலைத்து நிற்பது. பள்ளிக் கல்வியை வேறு வகையாக அமைக்க வேண்டிய தேவை இதனாலேயே மிகுதியும் எழுகின்றது.

கேளாமை என்றால் முழு மௌனம் என்று எண்ணுவது பிழை. ஒலியின் அளவை டெசிபெல் என்னும் அலகால் கணக்கிடுவர். காதோடு காதாகப் பேசும் பேச்சு ஏறக்குறைய 30. இயல்பான உரையாடல் 60. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேச்சொலிகளில் இரு செவிகளிலும் 70 டெசிபெல் இழப்பு உள்ளவரைக் காது கேளாதோர் என்றும், 60 முதல் 70 வரை இழப்பு உள்ளவரைக் கேட்டல் குறைந்தோர் என்றும் வகுக்கின்றது. ஆனால் அளவு மட்டும் அறிந்தால் போதாது. நத்தைக் குழலின் வாயிலருகே உள்ள அணுக்கள் உயர்ந்த சுருதியையும், உட்கோடியில் உள்ளவை தாழ்ந்த சுருதியையும் உணர்வன. பல காரணங்களால் முதலில் கெடுபவை வாயிலருகே உள்ளவையே. உயிரொலிகள் பெரிதும் தாழ்ந்த சுருதியின. சகரத்தின் சீற்றம் உயர்ந்த சுருதியது. ஆதலின் அத்தகைய குழந்தைக்குச் 'சட்டை' என்பது 'அட்டை' என்று ஒலிக்கும். "நான் பேசுவது இவனுக்குக் கேட்கிறது, ஆனால் சொன்னபடி செய்வதில்லை, பிடிவாதக்காரன்" என்று பெற்றோர் கூறுவதுண்டு. அது பிடிவாதமன்று. செல்லரித்த ஏட்டைப் படிப்பவன் நிலையே அவன் நிலை. சில எழுத்துகள் உள்ளன. சில எழுத்துகள் இல்லை. ஏட்டைக் கண்ணருகே கொண்டுவருவதனால் அரித்த எழுத்து மீளாது. அதுபோலக் கூச்சலிட்டுப் பேசுவதனால் இழந்த ஒலி அவனுக்குக் கிட்டாது.

இக்குறை எதனால் வருகின்றது? கருவுற்ற தாய்க்கு வரும் ருபெல்லா என்னும் அம்மை, குறைமாதப் பிறப்பு, பிறந்த குழந்தைக்கு வரும் கடுமையான மஞ்சள் காமாலை, மூளை உறைக் காய்ச்சல், பொன்னுக்கு வீங்கி, சில வகை ஊசி மருந்துகள் எனக் காரணங்கள் பல. ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகள் உயிரைக் காத்தாலும் சிலருக்குச் செவியைக் கெடுத்துவிடும். பரம்பரைக் காரணமும் உண்டு. தென்தமிழ்நாட்டில் மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று நெருங்கிய உறவில் மணம் செய்யும் வழக்கம் நெடுங்காலமாக நிலவுவது. கேளாமைக்குரிய மரபணு ஒரே குடும்பத்தில் மறைந்திருந்தால், இத்தகைய மணத்தில் அது தாய் வழியிலும் தந்தை வழியிலும் வந்து ஒன்றுசேரும் வாய்ப்பு மிகுகின்றது. உறவு மணம் செய்தோர்க்கெல்லாம் இவ்வாறு நேரும் என்பதில்லை; வாய்ப்பு மிகுதி என்பதே உண்மை. வீட்டு வழக்கங்களையும் கூறாமல் விட இயலாது. காதுவலி என்றால் காய்ச்சிய எண்ணெயை ஊற்றுவதும், கொண்டை ஊசியால் குடைவதும், சீழ் வடிந்தால் "வளர வளரச் சரியாகிவிடும்" என்று வாளாவிருப்பதும் இன்னும் மறையவில்லை. குழந்தைகளின் கேள்விக் குறையில் ஏறக்குறைய 60 விழுக்காடு தடுக்கத்தக்கது என்று உலக நலவாழ்வு நிறுவனம் கணித்துள்ளது. 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும் எதிராகப் பள்ளிதோறும் ஊசி போட்டனர். கையைப் பிடித்துக்கொண்டு அழுத மாணவர் பலர். அவ்வூசி பின்னாளில் பிறக்கவிருக்கும் குழந்தைகளின் செவிக்கும் காவல் என்பதை அப்போது அறிந்தவர் சிலரே.

2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்தியாவில் கேட்டல் குறை உடையோர் 50 இலட்சத்திற்கு மேற்பட்டவர். இவர்களைப் பழைய நாளில் 'ஊமைகள்' என்றும் வழங்கினர். அச்சொல் இழிவானது மட்டுமன்று, பொருளாலும் தவறானது. காது கேளாத குழந்தைக்குக் குரல்வளையும் நாவும் உதடும் குறைவின்றி அமைந்துள்ளன. முதல் மாதங்களில் அதுவும் ஒலி எழுப்பும். தன் ஒலி தன் செவிக்கு எட்டாமையால் அம்முயற்சி நாளடைவில் மெலிந்துவிடும். அறிவிலும் குறையில்லை. இல்லாதது மொழி. அம்மொழியும் மறுக்கப்பட்டதன்று; வரும் வழி அடைபட்டது. வேறு வழியைத் திறப்பதே இவர்க்குரிய பாடத்திட்டத்தின் முதற்கடமை. பாடங்களில் பாதியைக் குறைத்துவிட்டு, "இவர்களுக்கு இது போதும்" என்பது பாடத்திட்டம் ஆகாது.

வேறு வழி யாது என்பதில்தான் உலகம் இருநூறு ஆண்டுகளாக வழக்காடி வந்துள்ளது. திருமங்கலத்தில் நெடுஞ்சாலை இரண்டாகக் கிளைக்கின்றது. ஒன்று விருதுநகர் வழியே திருநெல்வேலிக்கும், மற்றொன்று இராசபாளையம், தென்காசி வழியே கொல்லத்திற்கும் செல்கின்றது. காது கேளாதோர் கல்வியும் அவ்வாறே இரண்டாகக் கிளைத்தது. 18ஆம் நூற்றாண்டில் பாரிசு நகரில் லெப்பே என்னும் பாதிரியார், காது கேளாத சகோதரியர் இருவர்க்குக் கற்பிக்கப் புகுந்து, அவர்கள் இயல்பாகக் கையாளும் சைகைகளையே கல்விக்குக் கருவியாக்கினார். அதே நூற்றாண்டில் செருமனி நாட்டு லைப்சிக் நகரில் 1778ஆம் ஆண்டு பள்ளி தொடங்கிய ஐனிக்கே என்பவர், வாய்ப்பேச்சைப் பயிற்றுவதே உண்மைக் கல்வி என்றார். 1880ஆம் ஆண்டில் இத்தாலியின் மிலான் நகரில் ஆசிரியர் மாநாடு ஒன்று கூடியது. பள்ளிகளில் சைகையை நீக்கி வாய்ப்பேச்சையே கைக்கொள்ள வேண்டும் என்று அம்மாநாடு தீர்மானித்தது. வாக்களித்தவருள் மிகப் பெரும்பாலோர் காது கேட்போரே என்பது கருதத்தக்கது. அதன்பின் பல நாடுகளில், கையை அசைத்த மாணவர் தண்டிக்கப்பட்டனர். காது கேளாத ஆசிரியர் வேலையிழந்தனர். 2010ஆம் ஆண்டில் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய அதே வரிசையின் மாநாடு அப்பழைய தீர்மானத்திற்கு வருத்தம் தெரிவித்தது. ஒரு தவறு தவறென ஒப்புக்கொள்ளப்படுவதற்கு 130 ஆண்டுகள் ஆயின!

இந்தியாவில் காது கேளாதோர்க்கு முதற்பள்ளி 1880களில் மும்பையில் தோன்றியது. 1893இல் கல்கத்தாவில் மற்றொன்று எழுந்தது. தமிழ்நாட்டிற்கு அவ்வொளி நெடுங்காலம் தாழ்த்து வரவில்லை. திருமங்கலத்தினின்று தெற்கே செல்லும் சாலையின் வழியில் தாமிரபரணிக் கரையை அடுத்து உள்ளது பாளையங்கோட்டை. அங்கே 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் புளோரன்சு சுவைன்சன் என்னும் ஆங்கில அம்மையார் காது கேளாத தமிழ்க் குழந்தைகளுக்கெனப் பள்ளி நிறுவினார். அவர் பெயரைத் தாங்கிய அப்பள்ளி மேனிலைப் பள்ளியாக வளர்ந்து நிற்கின்றது.

வாய்ப்பேச்சு முறையில் மாணவன் ஆசிரியரின் உதடுகளைப் படித்துப் பொருள் உணர்கின்றான். இது எத்துணை அரியது என்பதைக் கண்ணாடி முன் நின்று எவரும் சோதித்துப் பார்க்கலாம். ஒலி எழுப்பாமல் 'பாலை' என்று சொல்லுக. பின்பு 'மாலை' என்க. உதடுகள் இரண்டிற்கும் ஒரே வகையாய் மூடித் திறக்கும். 'படம்', 'மடம்' என்பனவும் 'பணம்', 'மணம்' என்பனவும் அத்தகையனவே. ககரம் தொண்டையருகே பிறப்பதால் வெளியே தோன்றாது. ஆதலின் 'காடு' என்றாலும் 'ஆடு' என்றே உதடு காட்டும். வலி, வளி, வழி என்னும் மூன்றையும் பிரித்துணர நாவின் வளைவைக் காண வேண்டும். அதுவோ வாயினுள்ளே மறைவாக நிகழ்வது. உதடு காட்டுவது சிறு பகுதி. எஞ்சியதைச் சூழ்நிலையால் ஊகிக்க வேண்டும். முன்பே மொழி அறிந்தவனுக்கே ஊகம் கைகூடும். மொழி அறியாத சிறு குழந்தையை ஊகித்து மொழி கற்கச் சொல்வது, நீந்தக் கற்ற பின்னரே கிணற்றில் இறங்க வேண்டும் என்பது போன்றதாகும்.

எனினும் பேச்சுப் பயிற்சி வீணானதன்று. அதற்குத் தமிழில் பழமையான துணை ஒன்று உண்டு. தொல்காப்பியத்து எழுத்ததிகாரத்தில் 'பிறப்பியல்' என்று ஓர் இயல் அமைந்துள்ளது. தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டிடங்களில் எழுத்துகள் பிறக்கும் முறையை அது வகுத்துரைக்கின்றது. இதழ் இரண்டும் பொருந்தப் பகரமும் மகரமும் பிறக்கும். மேற்பல்லும் கீழிதழும் பொருந்த வகரம் பிறக்கும். கேட்கும் மாணவர் தேர்வுக்காக நெட்டுருச் செய்யும் இந்நூற்பாக்கள், கேளாத மாணவர்க்கு நாள்தோறும் பயன்படும் உண்மைகளாகும். பேச்சுப் பயிற்சியாளர் செய்வது இதுவே: மாணவன் உதட்டின்முன் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைப் பிடிக்கிறார். 'ப' என்றால் காகிதம் துள்ளும்; 'ம' என்றால் துள்ளாது. அவன் விரலை மூக்கின்மேல் வைக்கிறார். 'ம' என்றால் மூக்கு அதிரும். 'ப' என்றால் அதிராது. 'பம்பரம்' என்னும் சொல்லில் முதற் பகரம் வன்மையாகவும், இரண்டாம் பகரம் மகரத்தின் பின் வந்தமையால் மென்மையாகவும் ஒலிக்கின்றது. எழுத்து ஒன்றே, ஒலி இரண்டு. கேட்கும் குழந்தை இதனை அறியாமலே செய்கின்றது. கேளாத குழந்தையோ ஆசிரியரின் மிடற்றில் விரல் வைத்து அதிர்வை உணர்ந்து, நூறு முறை முயன்று, அதன்பின் செய்கின்றது.

இனிச் சைகையின் வழி. சைகையை நாட்டிய முத்திரை போன்றதென்றும், சொல்லுக்குச் சொல் கையால் எழுதிக் காட்டுவதென்றும் பலர் கருதுகின்றனர். 1960ஆம் ஆண்டில் வில்லியம் ஸ்டோக்கோ என்னும் அமெரிக்கப் பேராசிரியர் அந்நாட்டுச் சைகையை ஆராய்ந்து, கையின் வடிவம், அஃது அமையும் இடம், அதன் அசைவு என்னும் மூன்று கூறுகளால் ஒவ்வொரு சைகையும் அமைவதைக் காட்டினார். எழுத்துகள் சேர்ந்து சொல்லாவது போன்றதே இது. இந்தியாவில் வழங்கும் சைகைக்கும் தனி இலக்கணம் உண்டு. அதில் வினாச்சொல் இறுதியில் வரும். 'உன் பெயர் என்ன?' என்னும் தமிழ்த் தொடரின் வைப்பு முறையும் அதுவே அன்றோ? சென்ற காலத்தைத் தோளுக்குப் பின்புறமாகவும் வருங்காலத்தை முன்புறமாகவும் காட்டுவர். 'கொடு' என்பதைக் காட்டும் கை, கொடுப்பவனிடத்தில் தொடங்கிக் கொள்பவனிடத்தில் முடியும். 1991ஆம் ஆண்டில் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர், சைகை வழங்கும் பெற்றோர்க்குப் பிறந்த காது கேளாத குழந்தைகள் பேச்சு மழலையின் பருவத்திலேயே விரல்களால் மழலை மொழிவதைக் கண்டு எழுதினர். எனவே மூளை நாடுவது மொழியையே. அது செவி வழி வருகின்றதா, கண் வழி வருகின்றதா என்று அது வேற்றுமை பாராட்டுவதில்லை.

2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, காது கேளாதோர்க்கு அவர்க்கு ஏற்ற மொழியிலும் முறையிலும் கல்வி அளிக்கப்பட வேண்டும் என்கின்றது. 17ஆம் பிரிவு, பாடத்திட்டத்தையும் தேர்வு முறையையும் அவர் தேவைக்கு ஏற்ப மாற்றியமைக்கப் பணிக்கின்றது. சட்டம் அவ்வளவே கூறும். வகுப்பறையில் அதை எவ்வாறு நிறைவேற்றுவது?

திருமங்கலம் வட்டாரத்திற்கேற்ற பாடம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பாடத்தின் பெயர் 'பருத்தி'. கேட்கும் மாணவர்க்கு ஆசிரியர் அரைமணியில் அதனை நடத்தி முடிப்பார். கேளாத மாணவர்க்கு அது இரண்டு வாரப் பாடம். முதல் நாள் கரிசல் காட்டிற்குச் செல்ல வேண்டும். செடி, பூ, காய், வெடித்த காய் ஆகியவற்றைத் தொட்டுப் பார்த்து, ஒவ்வொன்றையும் சைகையாலும் எழுத்தாலும் அறிதல் வேண்டும். அடுத்து அரவை ஆலை. எந்திரத்தின் இரைச்சல் அம்மாணவர்க்கு எட்டாது. ஆயினும் சுவரில் உள்ளங்கையை வைத்தால் அதன் ஓட்டம் தெரியும். பஞ்சு ஒரு பக்கமும் கொட்டை ஒரு பக்கமும் பிரிந்து விழுவதைக் கண்டபின், 'பிரித்தல்' என்னும் வினை வெறும் எழுத்தாக நில்லாது. மதுரைத் தெருக்களில் விற்கும் பருத்திப்பாலை ஒரு குவளை வாங்கிக் கொடுத்தால் பாடம் நாவிலும் நிற்கும். மீண்டு வந்தபின் படம் வரைந்து, நடித்துக் காட்டி, அதன்பிறகே எழுதுதல்.

இலக்கணம் தொடங்குவதும் இங்கேதான். காது கேளாத மாணவர் எழுத்தில் மிகுதியாகத் தவறுவது வேற்றுமை உருபுகளிலும் வினைமுற்றின் ஈறுகளிலும் ஆகும். 'அம்மா பருத்தி எடு கூலி கொடு' என்று எழுதுவர். சொற்கள் உள்ளன, அவற்றைப் பிணைக்கும் நார் இல்லை. 'பருத்தியை எடுத்தாள்', 'பருத்தியால் நூல் நூற்றனர்', 'பருத்திக்கு விலை கூறினர்', 'பருத்தியின் விதை', 'பருத்தியில் விதை உண்டு' என ஒரே பெயரில் உருபுகளை ஏற்றி, ஒவ்வொன்றையும் செயலோடு காட்டிப் பயிற்றுதல் வேண்டும். 'கொடு' என்னும் சைகை முடியும் இடத்தில் குவ்வுருபு எழுதிய அட்டையை வைத்தால், கொள்பவனைக் காட்டுவது 'கு' என்பது ஒரு நாளில் விளங்கும். சைகையைப் பழித்தவர்கள், தமிழைக் கற்பிக்க அதைவிடச் சிறந்த கரும்பலகை இல்லை என்பதை நெடுங்காலம் உணராது போயினர்.

தமிழுக்கே உரிய இடர் மற்றொன்றும் உண்டு. நூலில் இருப்பது 'போகிறேன்'. வாயில் வருவது 'போறேன்'. நூலில் 'அங்கே', மதுரைச் சீமையின் உதட்டில் 'அங்கிட்டு'. கேட்கும் மாணவன் இரண்டும் ஒன்றே என்பதைச் செவியால் அறிந்தே வருகின்றான். கேளாதவனுக்கு அவை தொடர்பற்ற இரு சொற்கள். ஆதலின் பேச்சு வழக்கையும் எழுத்து வழக்கையும் இரண்டு பத்திகளாக எழுதி நேர்நேராகக் காட்டும் பயிற்சி அவனுக்குரிய பாடநூலில் இடம்பெறல் வேண்டும். கேட்போர்க்கென எழுதிய நூலில் அத்தகைய பயிற்சிக்கு இடமே நேராது.

கணக்கில் இவர்கள் வல்லவர். பெருக்கலும் வகுத்தலும் தடையின்றிச் செய்வர். 'கண்ணனிடம் 12 மாம்பழங்கள் உள்ளன. முருகனிடம் அவனைவிட 5 குறைவு' என்று உரைநடையில் அமைந்த கணக்கே இடறும். 'விட' என்னும் ஒரு சொல்லில் கணக்கு முழுதும் தொங்குகின்றது. அங்கே தவறுவது கணிதமன்று, தமிழ். செய்யுளை எவ்வாறு கற்பது என்று ஐயுறுவாரும் உளர். இசை அவர்க்கு எட்டாததே. ஆயினும் நேரசை, நிரையசை என்பன குறில், நெடில், ஒற்று என்னும் எழுத்துக் கணக்கால் கண்டறியத்தக்கன. கண்ணுள்ளவன் எவனும் அலகிட்டு வாய்பாடு கூறலாம். செவிநுகர் கனியாகிய செய்யுளின் எலும்புக்கூடு கண்ணுக்கும் புலப்படுமாறு அமைந்திருப்பது தமிழ் யாப்பின் பேறு.

வகுப்பறையின் அமைப்பும் பாடத்திட்டத்தில் அடங்கும். பலகைகளை வரிசையாக அடுக்காமல் பிறைபோல் வளைத்திடுவர். ஒவ்வொருவரும் மற்றவர் கையையும் முகத்தையும் காண்பதற்காக. வெளிச்சம் ஆசிரியரின் முகத்தில் படவேண்டும், முதுகில் படலாகாது. கரும்பலகையை நோக்கிக்கொண்டே பேசும் பழக்கத்தை ஆசிரியர் விடுதல் வேண்டும். கேள்மானி அணிந்த குழந்தைக்கு மின்விசிறியின் இரைச்சலும் பெருகியே கேட்கும். ஆதலின் அமைதியான அறை தேவை.

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இம்மாணவர்க்கு ஒரு மொழிப்பாடத்தினின்று விலக்கு அளிக்கின்றனர். கூடுதல் நேரமும் தருகின்றனர். கூடுதல் நேரம் குறித்து ஐயமில்லை. விலக்கோ இருமுனையுள்ள கத்தி. இரண்டு மொழிகளைச் செவியின்றிக் கற்பது பெருஞ்சுமை என்பது மெய்; பலர் தேறுவதற்கு இதுவே துணை. ஆயினும் ஆங்கிலத்தை முற்றிலும் விட்ட மாணவன் கல்லூரி வாயிலில் நின்று தடுமாறுகின்றான். தேர்வில் விலக்கு அளித்துவிட்டுப் பாடத்தையும் கைவிடுவது ஈரத்தால் செய்யும் தீங்காகும். விலக்கு தேர்வுக்கு மட்டும் உரியதாய், கற்பித்தல் அவனவன் ஆற்றலுக்கேற்பத் தொடர்வதே நேரிது.

பாடத்திட்டம் பள்ளியில் தொடங்குவது என்பதும் முழு உண்மையன்று. பிறந்த இரண்டாம் நாளிலேயே, உறங்கும் குழந்தையின் செவியில் சிறு கருவி ஒன்றைப் பொருத்திக் கேட்கும் ஆற்றலை அறியலாம். சென்னையில் 1969ஆம் ஆண்டு தொடங்கிய பால வித்யாலயா என்னும் பள்ளி, கைக்குழந்தைகளைத் தாயரோடு சேர்த்தே பயிற்றி, கேள்மானியின் துணையால் பேச்சை வளர்த்து, பின் பொதுப் பள்ளிகளுக்கு அனுப்பி வருகின்றது. உட்செவியில் மின்முனைகளைப் பொருத்தி நரம்பை நேரே தூண்டும் அறுவை மருத்துவமும் வந்துள்ளது. பல இலட்சம் உருபா செலவாகும் அதனை, ஆறு வயதிற்குட்பட்ட ஏழைக் குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டு அரசு காப்பீட்டுத் திட்டத்தின் வழியே இலவசமாகச் செய்விக்கின்றது. ஆனால் கருவி பொருத்திய அன்றே குழந்தை பேசிவிடாது. கேட்பது இன்ன ஒலி என்று அறிய மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். பருத்தி எடுக்கும் கூலியை விட்டு, குழந்தையை இடுப்பில் ஏற்றி, வாரந்தோறும் மதுரைக்குப் பேருந்து ஏறும் தாயின் உழைப்பே அக்கருவிக்கு உயிரளிப்பது. எல்லாக் குழந்தைகளுக்கும் அக்கருவி ஏற்பதில்லை. ஏற்றவர்க்கும் சைகை கைம்முதலாக இருப்பதால் கேடொன்றும் இல்லை.

சைகைக்கும் இப்போது அகராதி உண்டு. 2015ஆம் ஆண்டில் தில்லியில் நிறுவப்பெற்ற இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனம் 2018இல் 3,000 சொற்களோடு அதனை வெளியிட்டது. 2021இல் சொற்கள் 10,000 ஆயின. பள்ளிப் பாடநூல்களைச் சைகை மொழியில் படமாக்க 2020ஆம் ஆண்டில் தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுவோடு உடன்படிக்கையும் செய்தது.

இன்று காது கேளாத மாணவர் சிறப்புப் பள்ளிகளில் மட்டுமன்றிப் பொதுப் பள்ளிகளிலும் பயில்கின்றனர். அத்தகைய ஒருவன் வகுப்பில் இருந்தால், அவனோடு பேசுவோர் அவன் முகம் நோக்கி இயல்பான விரைவிற் பேசினால் போதும். வாயைக் கோணிப் பெரிதாக்கினால் உதட்டின் வடிவம் கெடும். பேச்சு மாறும்போது இப்போது பேசுபவர் யார் என்று கைகாட்டுதல் நலம். ஆசிரியர் ஏதோ கூற வகுப்பு முழுதும் சிரிக்கும். அவன் மட்டும் சுற்றுமுற்றும் பார்ப்பான். பிறகு அனைவரும் சிரிப்பதால் தானும் சிரிப்பான். அவ்வேளையில் பக்கத்தில் இருப்பவன் அந்நகைச்சுவையை ஏட்டின் ஓரத்தில் இரண்டே வரியில் எழுதிக் காட்டினால், அவன் மீண்டும் ஒருமுறை, வகுப்பு அடங்கியபின், உண்மையாகச் சிரிப்பான்.